லிஃப்ட்காரரின் சாட்சி

என் அக்கா புருஷன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். பதினெட்டு வருஷமாக அதே லிஃப்ட். ஒருநாளைக்கு இருநூறு தடவை மேலே போய்க் கீழே வருகிற மனுஷன், வாழ்க்கையில் ஒரு படிகூட ஏறவில்லை என்று அக்கா கிண்டலடிப்பாள். காதில் விழுந்தாலும் அவரிடமிருந்து பதில் வராது. அத்தானுக்குப் பேச்சு அவ்வளவுதான். "ஸ்ட்ரெச்சர் வருது, வழி விடுங்க" என்பதையும் மாடி நம்பர்களையும் தவிர, வேலை நேரத்தில் அவர் வேறு ஏதாவது பேசி நான் கேட்டதில்லை.

பட்டனை யார் வேண்டுமானாலும் அழுத்தலாமே, அதற்கு எதற்கு ஒரு ஆள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ஆபரேஷனுக்குப் போகிற ஸ்ட்ரெச்சர் இரண்டாம் மாடியில் காத்துக்கொண்டிருக்கும். இங்கே பழப்பையும் பூங்கொத்துமாகப் பத்துப் பேர் பெட்டியை அடைத்துக்கொண்டு, 'நான் மட்டும் ஏன் இறங்கணும்' என்று ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களைக் கோபப்படாமல் இறக்கிவிடத்தான் அந்த ஆள். மூலையில் ஒரு உருண்டை ஸ்டூல். பட்டன்களுக்குப் பக்கத்தில் அவர் தோள் உரசி உரசியே சுவரில் பெயின்ட் போயிருக்கும். காலை ஏழரைக்கு உள்ளே போனால் மூன்றரைக்குத்தான் வெளியே வருவார்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். மூன்றாம் மாடியில் இரண்டு அறை. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, அது வேறு விஷயம். அக்கா ரொட்டி ஃபாக்டரியில் பாக்கிங் மேஜையில் நிற்கிறாள். இருட்டு விலகுவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். நான் அவர்களோடு இருந்துகொண்டு, முன்னறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டு ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறேன். ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டுவிடாதீர்கள், கதை வேறு பக்கம் போய்விடும். நாலாவது ஆள் அவர்களுடைய ஒரே மகள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஜெபம் பண்ணிப் பெற்ற பிள்ளை. வீட்டில் அவளுக்கு 'ரேடியோ' என்று பேர்.

பேர் வைத்தது நான்தான். காலையில் கண் விழித்தால் ஆரம்பிக்கும், தூங்கும்வரை ஓயாது. பரலோகத்தில் லிஃப்ட் இருக்கிறதா, இருந்தால் அதையும் அப்பாதான் ஓட்டுவாரா என்பாள். கடவுளுக்குச் சளி பிடித்தால் யார் மூக்குத் துடைத்துவிடுவார்கள் என்பாள். மெஷின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமென்று என் காதுக்குள்ளேயே வந்து கத்துவாள். 'கொஞ்சம் வாயை மூடேண்டி' என்று நான் எத்தனை தடவை கெஞ்சியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

வாசலைத் தாண்டினால் அந்த ரேடியோ நின்றுவிடும். பக்கத்து வீட்டம்மா கேட்டாலும் சரி, கடைக்காரர் மிட்டாயை நீட்டிக்கொண்டு கேட்டாலும் சரி, உதடு அசையாது. கண் மட்டும் பெரிதாகும், கை பாவாடையைச் சுருட்டும். கொழுப்பு என்றார்கள், வெட்கம் என்றார்கள், ஸ்கூலுக்குப் போனால் சரியாகிவிடும் என்றார்கள். அக்காவும் அத்தானும் இதற்காக வாரத்தில் ஒருநாள் உபவாசம் இருந்தார்கள். ரொட்டி ஃபாக்டரியில் நாள் முழுக்க ரொட்டி வாசனையில் நின்றுகொண்டு உபவாசம் இருப்பது சின்ன காரியம் இல்லை. அக்கா இருந்தாள்.

எங்கள் சபை ஒரு ஃபர்னிச்சர் கடையின் மாடியில், வாடகை ஹாலில் கூடுகிறது. ஸ்கூல் திறப்பதற்கு முந்தின ஞாயிறு, புதிதாகச் சேருகிற பிள்ளைகளையும் பெற்றோரையும் பாஸ்டர் முன்னால் கூப்பிட்டு ஜெபிப்பார். அதற்கு முன்னால் ஒவ்வொரு அப்பாவும் மைக்கைப் பிடித்து, பிள்ளையின் வாழ்க்கையில் கர்த்தர் செய்ததைப் பற்றி ஒரு சாட்சி சொல்ல வேண்டும். இது எங்கள் சபையின் பழக்கம். கடவுள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபமெல்லாம் அந்த மைக் மேல்தான்.

அன்றைக்கு முன்னால் நின்றது ஆறு குடும்பம். முதலில் நின்றவர், என் மகன் நூறு வசனம் மனப்பாடமாகச் சொல்லுவான் என்றார். அல்லேலூயா. அடுத்தவர், என் மகள் மூன்று வயதிலேயே பாட ஆரம்பித்துவிட்டாள் என்றார். அதற்கும் அல்லேலூயா. மைக் கைமாறிக் கைமாறி அத்தானிடம் வந்தது. அத்தானின் கழுத்து வேர்த்திருந்தது. ரேடியோ அவர் கால்சட்டைக்குப் பின்னால் முகத்தைப் புதைத்திருந்தாள். ஹாலே அவளைப் பார்த்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும், 'பாவம்' என்கிற பார்வை.

அத்தான் சொன்னார்: "நேத்து என் மக லிஃப்ட்ல ஒரு நர்ஸ் அம்மாகிட்ட வாய் திறந்து பேசினா. எந்த மாடின்னு அவங்க கேட்டாங்க. நாலுன்னு சொன்னா. கர்த்தர் என் பிள்ளையோட வாயைத் திறந்துட்டார்."

ஹால் அதிர்ந்தது. ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். மூப்பர், அதாவது ரிட்டயர் ஆன தபால்காரர், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றார். கீபோர்டு வாசிக்கிற டீச்சர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அந்த டீச்சர்தான் ரேடியோ சேரப்போகிற முதல் வகுப்புக்கு டீச்சர். பாஸ்டர் அத்தானைக் கட்டிப் பிடித்து, அடுத்த மாதம் நன்றி ஆராதனையில் பிள்ளையே வந்து ஒரு வசனம் சொல்லட்டும் என்று அறிவித்தார். அத்தானும் தலையாட்டினார்.

நான் நாலாவது வரிசையில் கல்லாக உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால், முந்தின நாள் அந்த லிஃப்டில் நானும் இருந்தேன். அத்தானின் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க அவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நர்ஸ் விளையாட்டாக அவளிடம் கேட்டது உண்மை. அவள் நாலு என்று சொன்னதும் உண்மை. ஆனால் அப்பாவின் கழுத்தைப் பிடித்து இழுத்து, அவர் காதுக்குள் சொன்னாள். அத்தான்தான் 'நாலுன்னு சொல்றா' என்று நர்ஸுக்குச் சொன்னார்.

திரும்பி வரும்போது அக்கா பாதி வழியில் நின்றுவிட்டாள். "என்னங்க, நிஜமாவே சொன்னாளா? இவ்வளவு பெரிய விஷயத்தை என்கிட்ட நேத்தே சொல்லலியே?"

"காதுல சொன்னா," என்றார் அத்தான்.

"யார் காதுல?"

"என் காதுல."

அக்கா நடுரோட்டில் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார். "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"எல்லாரும் அவங்கவங்க பிள்ளைக்குக் கை தட்டு வாங்கினாங்க. இவளுக்கு மட்டும் யாருமே தட்டினது இல்லையேன்னு இருந்துச்சு." இதைச் சொல்லும்போது அவர் ரேடியோவின் தலைமேல் கையை வைத்திருந்தார். அவளோ அப்பாவைவிட்டு முன்னால் ஓடிப்போய், வீட்டு வாசல் வந்ததும் ஃபர்னிச்சர் கடை நாற்காலி ஒன்றில் பல் தடம் இருந்ததைப் பற்றிக் கடகடவென்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு வழி கண்டுபிடித்தாள். "சரி விடுங்க. நடக்கப்போறதை விசுவாசத்துல முன்கூட்டியே சொன்னதா இருக்கட்டும். கர்த்தர் அதை நிஜமாக்குவார்." எங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய சமாதானம் இது. பொய்யை விசுவாசம் என்று மாற்றி எழுதிவிட்டால் பாரம் குறைந்துவிடும். எனக்கும் குறைந்தது, அதனால் நானும் ஆமென் என்றேன்.

மறுநாள் ஸ்கூலில் இருந்து ஒரு ஃபார்ம் வந்தது. பிள்ளைக்குப் பார்வையிலோ, கேட்பதிலோ, பேச்சிலோ ஏதாவது சிரமம் உண்டா என்று ஒரு கேள்வி. உண்டு என்றால் விவரம் எழுத மூன்று கோடு விட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தனியாகக் கவனிக்க வாரத்தில் இரண்டு நாள் ஒரு அம்மா வருவாராம். அத்தான் பேனாவைத் திறந்தார்.

"உண்டுன்னு எழுதுங்க," என்றாள் அக்கா.

"டீச்சர் அங்கேயே உக்காந்து அழுதாங்க. இப்ப உண்டுன்னு எழுதினா என்ன நினைப்பாங்க?"

"என்ன வேணா நினைக்கட்டும்."

"என்னைப் பத்தி நினைச்சாப் பரவாயில்ல. சாட்சி சொல்லிட்டு மறுநாளே அவிசுவாசமா எழுதினா, கர்த்தரை என்னன்னு நினைப்பாங்க?"

நேற்று அக்கா கண்டுபிடித்த சமாதானமே இன்று அவளைக் கட்டிப்போட்டது. அத்தான் 'இல்லை' என்று எழுதினார். அக்கா கீழே கையெழுத்துப் போட்டாள். நான் பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டு, வாயில் நூலைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கூல் திறந்தது. பெற்றவர்கள் அவளுக்காக என்னதான் செய்யவில்லை? அத்தான் அரைமணி நேரம் முன்னதாகக் கிளம்பி அவளை கேட் வரை கூட்டிப்போவார். அங்கே முழங்காலிட்டு, அவள் தலையில் கைவைத்து, போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க ஜெபிப்பார். ஜெபத்துக்கு அவர் சத்தமே போட மாட்டார், உதடு மட்டும் அசையும். அக்கா விடியுமுன் கிளம்பும்போதே சாப்பாட்டு டப்பாவை மூடி, மேலே ஒரு துண்டுச் சீட்டில் ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போவாள். பிள்ளைக்கு இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, அம்மா எழுதினது கூட இருக்கட்டும் என்பாள். நான் யூனிஃபார்ம் பாவாடைக்கு உள்ளே ஒரு பை வைத்துத் தைத்தேன். அவள் கையைச் சுருட்டுவதற்கு ஒரு இடம் வேண்டுமே.

நாலு மணிக்கு அவளைக் கூட்டிவரப் போவது நான். முதல் வாரம் இரண்டு நாள், வேறு பாவாடையில் வந்தாள். ஸ்கூல் அலமாரியில் வைத்திருக்கிற பழைய பாவாடை. அவளுடையது ஈரமாகப் பையில் சுருட்டியிருந்தது. பாத்ரூம் போகணும் என்று கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது வாரம் நாலு நாள். நான் தினமும் அதே பாவாடையைத் துவைத்து ஜன்னலில் காயப்போட்டேன்.

மூன்றாவது வாரம் டீச்சர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். கெட்டவர் இல்லை. பிள்ளைகள்மேல் பிரியம் உள்ளவர்தான். "காலையில பேர் கூப்பிடும்போது 'பிரசன்ட் மிஸ்'னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறா. கொஞ்சிப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன். இப்ப பதில் வர்ற வரைக்கும் நிக்கச் சொல்றேன். அப்பவும் சொல்லலைன்னா ஆப்சென்ட்னு எழுதறேன்னு அவகிட்டயே சொல்லிட்டேன்."

"நிக்க வைக்கறீங்களா டீச்சர்?"

"அவ நல்லதுக்குத்தான். பேச வராத பிள்ளைன்னா நான் இப்படிச் செய்வேனா? முன்னப்பின்ன தெரியாத நர்ஸ்கிட்ட பேசினவ தானே. அவங்க அப்பாவே சொன்னாரே. என்கிட்ட மட்டும் பிடிவாதம் பிடிக்கறா."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வரி. ஆனால் சொன்னால் யாரைப் பொய்யர் என்று சொல்கிறேன்? நான் தின்கிற சோற்றுக்கும் படுக்கிற இடத்துக்கும் சொந்தக்காரரை. எனக்குத் தனி இடம் இல்லாத வீட்டில், எனக்குத் தனி வாயும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லாவற்றையும் மென்று விழுங்கிவிட்டு, சரிங்க டீச்சர் என்றேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நிற்க வைக்கிற விஷயத்தை அக்காவிடம் மட்டும் சொன்னேன். அக்கா அத்தானிடம் சொன்னாள். அத்தான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் போய் கேட்டில் முழங்காலிட்டார், கொஞ்சம் அதிக நேரம்.

அவருக்கும் தப்பிக்க வழியில்லாமல்தான் போயிருந்தது. தபால்காரர் வாரா வாரம் சர்க்கரை பார்க்க அந்த ஆஸ்பத்திரிக்கு வருவார். ஐந்தாம் மாடி. "பிரதர், பாப்பா நல்லா பேசறாளா? வசனம் ரெடியா?" என்று லிஃப்டில் ஏறியதும் ஆரம்பிப்பார். தெருவில் என்றால் வேலை இருக்கிறது என்று நழுவலாம். லிஃப்டில் ஒருவர் கேள்வி கேட்டால் ஐந்து மாடிக்கும் நின்று கேட்டுத்தான் ஆக வேண்டும். கூட நிற்கிற நோயாளிகளுக்கெல்லாம் தபால்காரர் அந்தச் சாட்சியை முதலிலிருந்து சொல்லுவார். இதே லிஃப்ட்லதான் நடந்தது என்று சுவரைத் தட்டிக் காட்டுவார். புலி வாலைப் பிடித்த கதைதான். அத்தான் நம்பர்களைப் பார்த்துக்கொண்டே நிற்பாராம்.

பயம் உண்மையாகவே எனக்கு வந்தது நாலாவது வாரம். வீட்டில் வசனம் சொல்லிக் கொடுத்தபோது முதல் நாளே கடகடவென்று சொன்னவள், இப்போது கேட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு என் மெஷின் பக்கத்தில் வந்து உட்காருவதை நிறுத்தினாள். பரலோகத்து லிஃப்ட் பற்றிப் பேச்சில்லை. ஒரு சாயங்காலம் அவள் வந்ததிலிருந்து படுக்கிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததே கிடையாது. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, "இங்கயும் நின்னு போச்சுன்னா?" என்றாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. அத்தான் எழுந்து போய் ஜன்னலில் காய்ந்த பாவாடையை எடுத்து மடித்தார், மறுபடி விரித்தார், மறுபடி மடித்தார்.

நன்றி ஆராதனை வந்தது. போகாமல் இருந்துவிடலாம் என்றேன். போகாவிட்டால் உடம்பு சரியில்லையா என்று பாஸ்டரே வீட்டுக்கு வந்துவிடுவார் என்றாள் அக்கா. போனோம்.

பாஸ்டர் அவளைப் பேர் சொல்லி அழைத்தார். மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினார்கள். அவள் தானாகவே நடந்து போனாள். போய் நின்றாள். கண் பெரிதானது. கை பாவாடைக்குள் போனது. கீபோர்டு மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தது.

"சொல்லும்மா," என்றார் பாஸ்டர். "சொல்லு செல்லம்," என்று முன்வரிசையில் ஒருவர். "நாலுன்னு சொன்ன வாய் தானே, சொல்லும்மா," என்றார் தபால்காரர். ஹால் முழுக்கச் சிரித்தது. அன்பான சிரிப்புதான். அவள் மூச்சை உள்ளே இழுத்தாள், இழுத்தாள், வெளியே விடவேயில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு தெரிந்தது.

அத்தான் எழுந்து போனார். பெஞ்சையும் நாற்காலியையும் இடித்துக்கொண்டு போனார். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து அந்தக் குட்டை மைக்கிலேயே பேசினார். "போன மாசம் நான் சொன்னது பொய். இவ நர்ஸ்கிட்ட பேசல. என் காதுல சொன்னா. நான்தான் எல்லார் முன்னாடியும் பெருமைக்காகப் பொய் சொன்னேன்."

கீபோர்டு நின்றது. பாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் தபால்காரர் எழுந்துவிட்டார். "பிரதர், இது சோதனை. விசுவாசத்தை விட்டுடாதீங்க. எல்லாரும் வாங்க, பிள்ளை மேல கைவச்சு இப்பவே ஜெபிப்போம். இப்பவே பேசுவா!" ஏழெட்டுப் பேர் எழுந்து முன்னால் வந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. அத்தனை கையும் நீண்டபோது ரேடியோ அப்பாவின் சட்டைக் காலருக்குள் முகத்தைத் திணித்தாள்.

ஸ்ட்ரெச்சருக்கு வழி விடச் சொல்லுகிற அதே கையை அத்தான் நீட்டினார். கோபப்படாமல்தான். "ஜெபம் பண்ணுங்க. வீட்டுக்குப் போய் பண்ணுங்க. ஆனா இவளைப் பேசச் சொல்லாதீங்க." பிறகு கீபோர்டு பக்கம் திரும்பினார். "டீச்சர், ஃபார்ம்ல இல்லைன்னு எழுதினது நான். இவளுக்குப் பிடிவாதம் இல்ல. இவளை நிக்க வைக்காதீங்க."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் கை தட்டவில்லை. அத்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டவர்கள் நடுவே நடந்து வெளியே போனார். நானும் அக்காவும் பின்னாலேயே போனோம். எங்களுக்குப் பின்னால் பாஸ்டர் தொண்டையைச் செருமி அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அது தங்குதடையில்லாமல் வசனம் சொல்லுவது படிக்கட்டு வரைக்கும் கேட்டது.

அத்தான் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கீழே கடையிலிருந்து வார்னிஷ் வாசனை வந்தது. அக்கா அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். இந்தச் சபையில் இனி எந்த முகத்தோடு உட்காருவது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் அதைத்தான் நினைத்திருப்பார்.

அப்போது அவள் பேசினாள். வீட்டுக்கு வெளியே, படிக்கட்டில், சாதாரணக் குரலில்.

"அப்பா, மைக்ல பேசும்போது உங்களுக்குப் பயமா இல்லியா?"

"பயமாத்தான் இருந்துச்சு."

"அப்ப எப்படி வெளிய வந்துச்சு?"

"தெரியலம்மா."

"எனக்கு வர மாட்டேங்குதுப்பா. தினமும் மிஸ் பேர் கூப்பிடறப்போ நான் பிரசன்ட் மிஸ்னு சொல்றேன். உள்ள சொல்றேன். நல்லா சத்தமா சொல்றேன். இங்க வந்து நின்னுக்குது." தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "மிஸ்ஸுக்குக் கேக்கல. ஆப்சென்ட் போட்டுடறாங்க."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு மாதமாக நாங்கள் எல்லோரும் ஜெபித்தோம், பயந்தோம், பொய் சொன்னோம், பொய்யைக் காப்பாற்றினோம். அவளிடம் போய், உனக்கு என்னடி ஆகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஏதோ தோன்றி நான் நிமிர்ந்து பார்த்தேன். மேல் படியில், பாதி திறந்த கதவில், டீச்சர் நின்றுகொண்டிருந்தார். எங்களைத் தேடி வந்திருப்பார். அவள் குரலை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. கண் முழுக்கத் தண்ணீர். கீழே இறங்கி வந்துவிடுவாரோ, வந்தால் இவள் மறுபடி வாயை மூடிக்கொள்வாளே என்று எனக்குப் பதறியது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்து வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்துவிட்டு, நுனிக்காலில் பின்னால் நகர்ந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை அத்தான் கேட்டில் ஜெபித்துவிட்டு, நேராக ஸ்கூல் ஆபீஸுக்குப் போய் வேறு ஃபார்ம் வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். நாலு மணிக்கு நான் போனபோது அவள் தன் சொந்தப் பாவாடையிலேயே வந்தாள். வழியில் ஒன்றும் பேசவில்லை. படியேறி, கதவைத் திறந்து, ஷூவைக் கழற்றி எறிந்தாள். அத்தான் அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, மிஸ் இன்னிக்கு என் பேரைக் கூப்பிட்டாங்க. கூப்பிட்டுட்டு என்னையே பாத்துக்கிட்டு சும்மா இருந்தாங்க. நான் உள்ள சொல்லி முடிக்கிற வரைக்கும் இருந்தாங்க. அப்புறம் சரி, உக்காருன்னு சொல்லி எழுதிக்கிட்டாங்க."

அத்தான் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. "என்னன்னு எழுதினாங்க?" என்றார் அதற்குள்ளிருந்தே.

"பிரசன்ட்," என்றாள்.